மிலாறு அடுக்கும் எரிவாயுக் கணக்கும்

உயர்தரம் படித்தபோது ஹட்டன் டியூஷன் வகுப்பில் ஒரு மாதிரி வினா கொடுத்தார்கள். ஒரு நாட்டின் இயற்கை எரிவாயு இருப்பு 100 அலகு. இந்த வருடப் பாவனை 4 அலகு. பாவனை வருடத்துக்கு 5 வீதம் கூடுகிறது. இருப்பு எத்தனை வருடத்துக்குக் காணும்? நான் 100ஐ 4ஆல் வகுத்து 25 என்று எழுதிவிட்டுப் பேனையை மூடினேன். கிடைத்தது முட்டை.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வளர்ந்தவனுக்கு இந்தப் பிழை வந்திருக்கக் கூடாது. தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்ததும், வெட்டிய கிளைகளான மிலாறை அம்மா விறகுக்காகக் கட்டாகக் கட்டி வந்து வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் அடுக்குவார். ஒரு நாளைக்கு ஒரு கட்டு என்று எண்ணினால் மூன்று மாதம் வரும். ஜூன் மழை பிடித்துவிட்டால் குளிக்க வெந்நீர், ஈர உடுப்புக் காய நெருப்பு என்று எரிந்து, இரண்டு மாதத்திலேயே அடுக்கு தரை தட்டிவிடும்.

எரிவாயுவும் அப்படித்தான். கூடிக்கொண்டே போகும் பாவனையைத் தொகையிட்டு இருப்புக்குச் சமப்படுத்த வேண்டும். குறுக்கு வழி இது: அந்த 25ஐ 0.05ஆல் பெருக்கினால் 1.25. ஒன்றைக் கூட்டினால் 2.25. அதன் இயற்கை மடக்கை (ln) 0.81. அதை 0.05ஆல் வகுத்தால் 16 வருடம். ஒன்பது வருடம் எங்கே போனது என்று அன்று வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம், எதால் வகுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். 2020இல் இந்தியாவின் நிரூபிக்கப்பட்ட இருப்பு சுமார் 1.3 டிரில்லியன் கன மீட்டர். உற்பத்தி 24 பில்லியன், பாவனை 60 பில்லியன். உற்பத்தியால் வகுத்தால் 54 வருடம், பாவனையால் வகுத்தால் 22க்குக் கொஞ்சம் குறைவு. உற்பத்தி போதாததற்கு வெளிநாட்டு வாயுவைத் திரவமாகக் கப்பலில் இறக்குவதால் இரண்டு விடைக்கும் இடமுண்டு. வினா எதைக் கேட்கிறது என்பதுதான் விஷயம். டிரில்லியனையும் பில்லியனையும் குழப்பினால் விடை ஆயிரம் மடங்கு விலகும், அதைச் சொல்லத் தேவையில்லை.

அடுத்த சோதனையில் இலங்கையைப் பற்றிக் கேட்டார்கள். 2011இல் மன்னார்ப் படுகையில் வாயு கண்டுபிடித்தார்களே என்று அதையும் இருப்பில் சேர்த்தேன். டியூஷன் சேர் சிவப்பால் வெட்டிவிட்டார். இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாதாம். இன்றைய தொழில்நுட்பத்தில், இன்றைய விலையில் கட்டுப்படியாக எடுக்க முடிந்தால்தான் அது நிரூபிக்கப்பட்ட இருப்பு. இன்னும் கவாத்து வெட்டாத மலையை நான் இஸ்தோப்பு அடுக்கோடு சேர்த்து எண்ணியிருக்கிறேன்.