தொட்டுப் பார்க்கும் எகிப்து: ஒரு தன்னார்வலரின் நாட்குறிப்பு

பிப்ரவரி 1, சனி

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் பள்ளி விடுமுறைக்கு எகிப்தியத் தொல்லியல் கண்காட்சி. கண்ணாடிப் பெட்டி கிடையாது. எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்க்கலாம். லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் சின்ன ஊருக்கு இது பெரிய விஷயம்.

இன்று மணல் தொட்டி வந்து இறங்கியது. உள்ளே புதைக்கத் தங்கப்பூச்சு முகமூடிகள், பிளாஸ்டர் வண்டுகள். குழந்தைகள் பிரஷ்ஷால் மணலைத் தள்ளி, கிடைத்ததை எடுத்துக் காட்ட வேண்டும் என்பது திட்டம். எனக்கு இதில் உடன்பாடில்லை. கல்லறைத் திருடனும் இதைத்தானே செய்தான்? எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று குறிக்காமல் எடுத்த பொருள் பாதி ஊமை. காப்பாட்சியரிடம் சொன்னேன். "சரி, மாற்று யோசனையை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

பிப்ரவரி 8, சனி

யோசனை தேடி லண்டன் போனேன். யூனிவர்சிட்டி காலேஜ் வளாகத்தில் இருக்கிறது பீட்ரி அருங்காட்சியகம். எகிப்தில் அகழாய்வு செய்த பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பீட்ரியின் பெயர் அது. சுமார் 80,000 பொருட்கள். தங்கத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு அங்கே அதிகம் வேலையில்லை. பானை, பாசிமணி, கருவி, துணி: மக்கள் அன்றாடம் புழங்கியவை.

எகிப்தின் தார்க்கானில் கிடைத்த சட்டையின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். 1913 வாக்கில் பீட்ரி குழு தோண்டிய கல்லறையிலிருந்து வந்த அழுக்குத் துணி மூட்டை அது, யாரும் பிரிக்கவில்லை. 1977இல் சுத்தம் செய்யக் கொடுத்தபோதுதான் உள்ளே ஒரு லினன் சட்டை இருப்பது தெரிந்தது. கார்பன் கணக்குப்படி கி.மு. 3482க்கும் 3102க்கும் இடையில் நெய்தது. கையிலும் தோளிலும் நெருக்கமாகப் பிடித்த மடிப்புகள் அப்படியே நிற்கின்றன. முழங்கையிலும் அக்குளிலும் சுருக்கங்கள். கிடைத்தபோது உட்புறம் வெளியே திரும்பியிருந்ததாம். தலைவழியாக உருவிக் கழற்றினால் அப்படித்தான் இருக்கும். யாரோ உண்மையில் உடுத்திய சட்டை. ராஜா ராணி யாருடையதுமல்ல என்பதே எனக்குப் போதும்.

அடுத்த அலமாரியில் எகிப்தின் நகாடா என்ற இடத்துப் பானைகள். அங்கேதான் யோசனை பிறந்தது. 1894-95இல் நகாடாவில் பீட்ரி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டினார். எழுத்து இல்லை, அரசன் பெயர் இல்லை. எது முந்தியது, எது பிந்தியது என்று எப்படிச் சொல்வது? சுமார் 900 கல்லறைகளுக்கு ஆளுக்கொரு அட்டைத் துண்டு எழுதினார். எந்தெந்த வகைப் பானை இருந்தது என்று குறித்து, ஒத்த அட்டைகள் அருகருகே வரும்வரை மாற்றி மாற்றி அடுக்கினார். அலைபோல் நெளிந்த கைப்பிடி வைத்த பானைதான் அவருக்குப் பிடிகொம்பு. பருத்த பானையில் தூக்கப் பயன்பட்ட கைப்பிடி சிறுத்து, வெறும் நெளிகோடாகி, கடைசியில் உருளை ஜாடியில் அதுவும் மறைந்துவிடுகிறது. இந்த வரிசைக்கு 30 முதல் 80 வரை எண் கொடுத்தார். 30க்குக் கீழே இருந்ததைக் காலியாக விட்டார், இன்னும் பழையது கிடைத்தால் வைத்துக்கொள்ள. அந்த முன்யோசனையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

பிப்ரவரி 12, புதன்

யோசனைக்கு அனுமதி கிடைத்தது. முகமூடிகள் மூட்டை கட்டப்பட்டன. தொட்டியில் நூல் கட்டிக் கட்டம் பிரித்தோம். உள்ளே நகாடா கல்லறை மாதிரி: பக்கவாட்டில் சுருண்டு படுத்த உடல், சுற்றிலும் பானைகள், கண்மை அரைக்கும் கற்பலகை ஒன்று. வரைபடம் வரைந்த பிறகுதான் எதையும் எடுக்கலாம். பக்கத்து மேசையில் பானைப் படம் போட்ட அட்டைகள்.

பிப்ரவரி 17, திங்கள்

முதல் நாள். நல்ல கூட்டம்.

ஒன்பது வயதிருக்கும் ஒரு சிறுமி அட்டைகளைத் தலைகீழாக அடுக்கினாள். உருளை ஜாடி முதலில், கைப்பிடிப் பானை கடைசியில். "முதல்ல சும்மா கோடு போட்டிருப்பாங்க, அப்புறம் பிடிச்சுத் தூக்கலாமேன்னு யாருக்காவது தோணியிருக்கும்" என்றாள். அருமையான வாதம். வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு அதை மறுக்கவே முடியாது. எந்த முனை பழையது என்று அட்டைகள் சொல்லாது. வெளியிலிருந்து சாட்சி வேண்டும். கைப்பிடியில்லாத உருளை ஜாடிகள் எகிப்தின் முதல் வம்ச மன்னர்கள் காலத்துக் கல்லறைகளிலும் கிடைக்கின்றன, அதனால் அந்த முனைதான் பிந்தியது என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு எல்லா அட்டைகளையும் திருப்பி அடுக்கினாள். அவள் அம்மா மூன்று முறை கூப்பிட்டும் நகரவில்லை.

பிப்ரவரி 19, புதன்

உடைந்த பானை ஓடுகள் வைத்த மேசையில் இருந்தேன். இவை நகல்கள் அல்ல, அசல் நகாடா ஓடுகள். மட்பாண்டம் செய்யும் ஒரு பெண்மணி வந்தார். கறுப்பு வாய் வைத்த சிவப்புப் பானையின் ஓட்டை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினார். "கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள், மேலிருந்து கீழே" என்றார். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய பட்டை பட்டையாகத் தெரிந்தது. உட்புறம் சற்று மேடுபள்ளம். சக்கரம் இல்லாமல் கையால் வனைந்தது. செங்காவி பூசிய பானை சுடும்போது சிவக்கிறது. வாய்ப்பகுதி மட்டும் காற்றுப் புகாமல் புகையில் கரியேறிக் கறுக்கிறது. இதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அவர் விரல் போன வழியில் என் விரலை வைத்தபோதுதான் வனைந்தவரின் கை வேகம் புரிந்தது.

பிப்ரவரி 22, சனி

அதிகம் பேர் கேட்ட கேள்வி: "இதெல்லாம் இங்கே எப்படி வந்தது?" நியாயமான கேள்வி, நேராகவே பதில் சொன்னேன். அந்தக் காலத்தில் தோண்டியதில் ஒரு பங்கு தோண்டியவர்களுக்கு என்று விதி இருந்தது. பணம் கொடுத்த அருங்காட்சியகங்களுக்கு அதைப் பிரித்து அனுப்பினார்கள். 1983இல் எகிப்து கொண்டுவந்த 117ஆம் எண் சட்டம் பழம்பொருள் வியாபாரத்தைத் தடைசெய்தது.

தகவல் பலகையில் 'பீட்ரி கண்டெடுத்தது' என்று மட்டும் இருக்கிறது. மண்ணில் கரணை வைத்தவர்கள் எகிப்தியர்கள். குஃப்த் ஊர்க்காரர்கள் பீட்ரியிடம் பழகி, தலைமுறை தலைமுறையாக அகழாய்வையே தொழிலாக்கிக்கொண்டார்கள். பீட்ரியின் வலதுகையாக இருந்த அலி சுவெஃபியின் கண்ணுக்குத் தப்பியது குறைவு. அவர்களைப் பற்றி நான்கு வரி எழுதிக் காப்பாட்சியரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, பலகையை மாற்றி அச்சடிக்கச் சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை வருமாம். கண்காட்சியையும் ஈஸ்டர் வரை நீட்டித்துவிட்டார்கள். அதற்குள் தொட்டியின் நூலை மாற்ற வேண்டும், பாதி அறுந்துவிட்டது.