உள்ளறை

2019 ஜூலை 21, ஞாயிறு

காலை 99. சாயங்காலம் 102.4. ராத்திரி வியர்த்துக் கொட்டி மறுபடி 99. இன்றோடு பதினொரு நாள். மலேரியா கார்டு இரண்டு தடவை போட்டாச்சு, ஒற்றைக் கோடுதான்.

ஆராதனைக்கு இவர் வரவில்லை. பாஸ்டரே பிரசங்கம் பண்ணினார். கடைசியில் அறிவிப்பு மட்டும் நான் சொன்னேன்: அடுத்த ஞாயிறு நாம் எல்லோரும் தானியக் காணிக்கை கொண்டுவருவோம். வெளியே வந்ததும் பாஸ்டரின் மகன் சிரித்தான். "தீதி, இன்னைக்கும் ஏம் என்றே சொன்னீங்க."

மால்டோவில், இந்த ராஜ்மகால் மலை ஜனங்களின் பாஷையில், 'நாம்' என்றால் நாம்தான். 'ஏம்' என்றால் நாங்கள், நீங்கள் சேர்த்தியில்லை. பீகார்க்காரர்கள் தப்பாகச் சொன்னால் மன்னிக்கலாம், அவர்களுக்கு 'ஹம்' ஒன்றுதான். எனக்கு என்ன சாக்கு? தாய்ப்பாலோடு வந்த வித்தியாசம். பன்னிரண்டு வருஷமாக இந்த ஒன்றில்தான் இடறுகிறேன்.

ஜூலை 22

101.8. கஞ்சி இரண்டு வாய்.

ஜூலை 24

கீழே டவுனில் ஒரு கிளினிக். டைபாய்டு என்றார்கள். ஐந்து நாள் ஊசி. மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் நான் நர்ஸ் என்பதே மறந்து, ஆஸ்பத்திரிக்கு வந்த வெறும் பெண்டாட்டியாகிவிடுகிறேன்.

வருகிற வழியெல்லாம் கல் லாரி. மழையிலும் கிரஷர் நிற்பதில்லை. வெடி போடும்போது இவர் தூக்கத்தில் திடுக்கிட்டார்.

ஜூலை 26

மாத அறிக்கை. சந்தித்த வீடுகள், நடத்திய கூட்டங்கள், ஞானஸ்நானம் பெற்றோர். மூன்றாவது கட்டத்தில் சைபர் போட்டேன். போன மாதமும் சைபர். ஜார்க்கண்டின் 2017 மதமாற்றச் சட்டத்துக்குப் பிறகு கலெக்டர் அனுமதி இல்லாமல் எதுவும் கிடையாது. ஆதிவாசியைக் கட்டாயப்படுத்தியோ ஆசை காட்டியோ மாற்றியதாக வழக்கு வந்தால் 4 வருஷம் வரை உள்ளே. நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தியதில்லை. அதைக் கட்டத்தில் எழுத முடியாது.

'இதர' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'காய்ச்சல்' என்று எழுதி அடித்துவிட்டேன். காணிக்கை கொடுத்துத் தாங்குவோர் ஜெபக்குழுவில் வாசிப்பார்கள். அம்மாவுக்குப் போய்ச் சேரும்.

ஜூலை 28, ஞாயிறு

காணிக்கைக்கு மக்காச்சோளமும் வந்தது, பர்பட்டியும் வந்தது. நம் தட்டாம்பயறுதான் இந்த பர்பட்டி. மலையில் விளைகிற ஒரே காசு. அதிலும் பாதி, விதைக்கும் முன்பே வட்டிக்கார மகாஜனுக்கு எழுதிக் கொடுத்தாகிவிடும். ஒரு கிழவி முந்தானையில் முடிந்து இரண்டு கை கொண்டுவந்தாள். ஊரில் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போடுவாள். மிஷனெரிமாருக்கு. அந்தப் பானைக்கு மஞ்சள் துணி கட்டியிருக்கும்.

மகள் ஹாஸ்டலிலிருந்து பேசினாள். பத்து நிமிஷம்தான் அனுமதி. தென்காசி தனி மாவட்டம் ஆகப் போகிறதாம், சமூக அறிவியல் மிஸ் சொன்னார்களாம். அப்புறம், "ம்மா, உங்க ஊர்ல மழையா?"

உங்க ஊர்.

அப்பா எங்கே என்றாள். தூங்குகிறார் என்றேன். பொய் இல்லை.

ஜூலை 29

விடிகாலை இரண்டு மணி. தூக்கம் வராமல் இவர் வயிற்றில் கை வைத்தேன். இடது விலா எலும்புக்குக் கீழே மூன்று விரற்கடை. கெட்டியாக.

பத்தொன்பது நாள். இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், மலேரியா இல்லை. இதை நான் சுவரில் படம் ஒட்டிச் சொல்லிக்கொடுக்கிறவள். எத்தனை பேரை இதே அடையாளத்துக்காகக் கீழே அனுப்பியிருக்கிறேன். காலா அசார். கருங்காய்ச்சல். நம் நாலு ஜில்லாவிலும் (தும்கா, கொட்டா, பாகூர், சாகிப்கஞ்ச்) இது யாருக்கும் புதுசு இல்லை. சொந்தக் கட்டிலில் கிடக்கிறவருக்கு மட்டும் தெரியாமல் போனது.

மார்ச்சில் மருந்தடிக்க வந்தார்கள். முதுகில் டப்பாவும் கையில் குழாயுமாக இரண்டு பையன்கள். முன்னறைக்கு அடித்தார்கள், மாட்டுக்கொட்டகைக்கு அடித்தார்கள். உள்ளறைக்கு வேண்டாம் என்றேன். நான்தான். உள்ளே சொல்தொகுப்பு நோட்டுகள் பதினான்கு இருக்கின்றன, நகலெடுத்த பழைய இலக்கணம் இருக்கிறது, ஈரம் பட்டால் போச்சு என்று. பையன்களும் சந்தோஷமாகப் போய்விட்டார்கள், அவர்களுக்கு ஒரு அறை மிச்சம். இந்தக் காய்ச்சலைப் பரப்புகிற மணல் ஈ கொசுவில் கால்வாசி கூட இருக்காது. மண்சுவர் வெடிப்பில் பகலெல்லாம் இருக்கும். உள்ளறைச் சுவரில் எத்தனை வெடிப்பு என்று இப்போது டார்ச் அடித்து எண்ணினேன். பத்தொன்பதோடு நிறுத்திவிட்டேன்.

கடித்த பிறகு காய்ச்சல் வர இரண்டு மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். மார்ச், ஏப்ரல், மே, ஜூன், ஜூலை. எப்படி எண்ணினாலும் உள்ளே வருகிறது.

அந்த மால்டோ இலக்கணம் ட்ரோஸ் ஐயர் எழுதியது. ஜெர்மன்காரர், சி.எம்.எஸ். (சர்ச் மிஷனெரி சொசைட்டி) மிஷனெரி, 1884-இல் ஆக்ராவில் அச்சடித்தது. தண்ணீருக்கு 'அமு', கண்ணுக்கு 'கனு' என்று அதில் முதல் தடவை பார்த்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அம் என்றால் நீர் என்று தமிழ் வாத்தியார் நிகண்டு சொல்லிக்கொடுத்தது பளிச்சென்று வந்தது. கங்கைக்கரை மலையில் திராவிட பாஷை. இடையன்குடியில் இருந்துகொண்டே கால்டுவெல் ஐயர் ராஜ்மகாலைத் தன் ஒப்பிலக்கணப் பட்டியலில் சேர்த்தார். அவரை அடக்கம் பண்ணிய கோயிலுக்கு எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். அந்தப் பெருமைதான் என்னை இங்கே கொண்டுவந்தது, அழைப்பு அப்புறம். இதை யாரிடமும் சொன்னதில்லை.

பெருமை நோட்டுகளாக அடுக்கியிருக்கிறது. சுவரில் வெடிப்பு.

ஜூலை 30

ஜீப் ஏறவில்லை, பாதை கரைந்துவிட்டது. கயிற்றுக் கட்டிலைக் கவிழ்த்து மூங்கில் கட்டினார்கள். ஒரு முறைக்கு நாலு பேர், ஆக எட்டு பேர் மாற்றி மாற்றி. இவர் இதே மாதிரி எத்தனை கட்டிலுக்குத் தோள் கொடுத்திருக்கிறார். இன்று மேலே படுத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, வழுக்கும்" என்று அவர்களுக்கே வழி சொல்லிக்கொண்டு வந்தார். சிரித்துவிட்டோம்.

அரசு ஆஸ்பத்திரி. விரலில் ஒரு சொட்டு, பட்டை, பத்து நிமிஷம். இரண்டு கோடு.

எடை 52. கிறிஸ்துமஸுக்கு 61 இருந்தார்.

ஜூலை 31

மருந்து எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம். ஒரு குப்பியில் 50. பதினோரு குப்பி. ஐஸ் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கும்போது நானும் எண்ணினேன். டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும், உப்புநீரில் கூடாது. அந்தத் தங்கச்சி சரியாகவே செய்தாள், ஆனாலும் நான் பாட்டிலின் மேல் எழுதியிருந்ததை இரண்டு தடவை வாசித்தேன். இரண்டு மணி நேரம். ஒரே நாள், ஒரே டோஸ், காசில்லை. முன்பெல்லாம் ஒரு மாதம் ஊசி.

சொட்டு இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தால் என்னென்னவோ தோன்றுகிறது. இந்தக் கிருமியை டோனவன் 1903-இல் மதராஸ் பெரியாஸ்பத்திரியில் கண்டுபிடித்தார். லண்டனில் லீஷ்மன் அறிவித்ததும் அதே வருஷம்தான். பாளையங்கோட்டையில் நம் ஜனங்கள் இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பித்ததும் 1903. ஒரே வருஷம். இதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. சொட்டு, சொட்டு.

குளிர் நடுக்கம் கொஞ்சம். நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 1

100.2. "புளிக்குழம்பு கிடைக்குமா?"

ஆகஸ்ட் 2

98.8. மூன்று தடவை உதறிவிட்டு மறுபடி வைத்தேன். 98.8.

மலையிலிருந்து நாலு பெண்கள் வந்தார்கள், நடந்து, மழையில். அவித்த பர்பட்டி இலையில் கட்டி. வார்டு வாசலில் காவலாள் விடவில்லை. அந்த முந்தானைக் கிழவி அவனிடம் ஹிந்தியில் சத்தம் போட்டாள்: "ஹமாரா ஆத்மி ஹை!" நம்ம ஆளா, எங்க ஆளா? ஹிந்தியில் சொல்லிவிட்டாள். எந்த ஹம் என்று தெரியவில்லை. மால்டோவில் கேட்க வெட்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 6

வீடு. உள்ளறையில் படுக்க நான் விடவில்லை. "ஏ பிள்ள, எல்லா வீட்லயும்தான் ஈ இருக்கு" என்கிறார். மார்ச் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எங்களை அனுப்பிய சங்கத்திலிருந்து கடிதம். அன்பான கடிதம்தான். பன்னிரண்டு வருட ஊழியத்துக்கு ஸ்தோத்திரம், உடல்நிலை கருதி தெற்கே அலுவலகப் பணிக்கு வரலாம், இம்மாதம் 31-க்குள் பதில். மகளை ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்குக் கூட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வரி. அந்த வரியை யார் சேர்த்தார்களோ, அவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது.

அத்தை போனில், "போதும் தாயி. ஆண்டவருக்குக் கணக்குத் தெரியும். வந்துருங்க." கொழுந்தன் வாங்கி, "மதினி, அண்ணன் குரலே ஆள் மாறின மாதிரி இருக்கு" என்றான்.

நாங்கள் போனால் ஆராதனை நிற்காது. பாஸ்டர் இருக்கிறார், அவர் மகன் இருக்கிறான். உண்மையில் போன வருஷமே போயிருந்தாலும் நின்றிருக்காது. மருந்துப் பெட்டி ஒன்றுதான் நிற்கும்.

ஆகஸ்ட் 14

கோபம். யார் மேல் என்று தெரியவில்லை.

2016-இல் காணிக்கை திரட்ட டெபுடேஷன் போனபோது ஒவ்வொரு சபைச் சேகரத்திலும் அதே படங்களைப் போட்டுக் காட்டினேன். சுள்ளிக்கட்டு சுமக்கிற பெண், வயிறு வீங்கிய பிள்ளை, ஊற்றில் வரிசை. ஜனங்கள் அழுதார்கள், காணிக்கை வந்தது, அசன விருந்துக்கு உட்காரவைத்துப் போட்டார்கள். அந்தப் பெண்ணிடம் நான் கேட்கவே இல்லை. அவள் சுள்ளி சுமந்தபோது பாடிக்கொண்டு வந்தாள். படத்தில் பாட்டு வராது.

வெள்ளாளன்விளையில் பிறந்த, பின்னால் பிஷப்பான அசரியா, 1910-இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் எழுந்து வெள்ளைக்கார மிஷனெரிகளைப் பார்த்துக் கேட்டார். ஏழைகளுக்கு ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், எங்களுக்குச் சிநேகிதரைக் கொடுங்கள் என்று. எங்கள் ஊரில் இதை மேடைக்கு மேடை சொல்வார்கள், கைதட்டுவார்கள். நாங்கள் கேட்ட பக்கம் என்று மட்டும் நினைத்துக்கொண்டு.

பாஸ்டர் வீட்டில் நாங்கள் சாப்பிட்டது எத்தனை தடவை? விரல் விட்டு எண்ணினேன். எங்கள் வீட்டில் அவருக்கு நாற்காலி உண்டு. பாஸ்டரம்மா இதுவரை அதில் உட்கார்ந்ததில்லை, தரைதான். நானும் வற்புறுத்தியதில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இவர் பத்து நிமிஷம் பேசினார், உட்கார்ந்து. அறிவிப்பு என்னுடையது. பயந்துபோய் நாமும் இல்லாமல் ஏமும் இல்லாமல் வாக்கியத்தைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோய் முடித்தேன். பையன் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

ஜெபத்தில் மட்டும் எனக்குத் தப்பு வருவதில்லை. எங்கள் பிதாவே. அங்கே ஏம்தான் சரி.

ஆகஸ்ட் 20

பாஸ்டர் வீட்டில் சாப்பிட்டோம். நானாகக் கேட்டுப் போனேன், அசட்டுத்தனமாக இருந்தது. டாக்கியா சாக்கு அரிசி, சர்க்கார் வாசலில் கொண்டுவந்து போடுகிற 35 கிலோ. உப்பும் மிளகாயும் அரைத்தது. பாஸ்டரம்மா எனக்குப் பலகை தேடினார். வேண்டாம் என்றேன். தேடி எடுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

ஆகஸ்ட் 22

மருந்தடிக்க வந்தார்கள். அதே பையன்களில் ஒருவன். எல்லாவற்றையும் முற்றத்தில் வாரிப் போட்டேன், நோட்டு, பெட்டி, பாய், மகளின் பழைய கவுன். உள்ளறையில் ஆறடி உயரம் வரை அடிக்கிறானா என்று நின்று பார்த்தேன். மூலை விட்டான், மறுபடி அடிக்கச் சொன்னேன். சுவரில் சாக்பீஸால் தேதி எழுதிவிட்டுப் போனான்.

திடீர் மழை. ஒன்பதாவது நோட்டு நனைந்தது, ம-வில் தொடங்குகிற சொற்கள். மை பரவி ஊதாவாகக் கிடக்கிறது. இவர் அடுப்புப் பக்கம் ஒவ்வொரு தாளாக விரித்துக்கொண்டே, "மார்ச்லயும் இப்படித்தான் எடுத்துப் போட்டியா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "இந்தப் பக்கம் காஞ்சிட்டு, திருப்பு" என்றார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

"ம்மா, நீங்க வரீங்களாமே, வார்டன் சொன்னாங்க. நெசமாவா?" பத்து நிமிஷத்தில் எட்டு நிமிஷம் இதே.

ஆகஸ்ட் 26

எதிர்வீட்டுச் சின்னப் பெண்ணுக்குச் சூடு. எத்தனை நாள் என்று கேட்டால் அவள் அப்பா பர்பட்டி பூத்த நாளிலிருந்து என்கிறார். மருந்தடிக்க வந்தபோது சாணி மெழுகிய சுவர் நாறும் என்று கதவைச் சாத்திக்கொண்டவர். நான் ஒன்றும் பேசவில்லை. எனக்கு என்ன வாய் இருக்கிறது?

ஆகஸ்ட் 28

மலேரியா இல்லை. மண்ணீரல் இரண்டு விரல்.

ஆகஸ்ட் 30

நாளைக்கு 31. கடிதத்தில் தேதியும் 'கிறிஸ்துவுக்குள் பிரியமான' என்பதும்தான் எழுதியிருக்கிறது.

ராத்திரியெல்லாம் மழை, பாதை மறுபடி போச்சு. பிள்ளையைக் கட்டிலில்தான் இறக்க வேண்டும். பாதி ஆண்கள் கல்குவாரிக்குப் போய்விட்டார்கள், தோள் கொடுக்க மூன்று பேர்தான் இருக்கிறார்கள். நாலாவது ஆள் நான் என்கிறார் இவர். முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை, 54 கிலோ. கூடவே கூடாது என்று கத்திவிட்டேன். பதில் சொல்லாமல் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.