சாயங்காலம் மட்டும் துள்ளும் ஹால் ஈரப்பதச் சென்சார்: ஒருவழியாகப் பிடித்துவிட்டேன்

வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் வெப்பநிலை, ஈரப்பதச் சென்சார் அடங்கிவிட்டது. கோடை தொடங்கியதிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறரை மணிவாக்கில் வெப்பநிலைக் கோடு மேலே எகிறும், ஈரப்பதக் கோடு கீழே விழும், எட்டரைக்கு மேல் ஒன்றுமே நடக்காத மாதிரி இரண்டும் பழைய இடத்துக்கு வந்துவிடும். படுக்கையறைச் சென்சாரில் இந்தச் சேட்டை கிடையாது. இப்போது இரண்டு கோடுகளும் ஒன்றாகப் போகின்றன.

வழக்கமான சந்தேகங்களை முதலில் தீர்த்துக்கொண்டேன். அங்கே இருந்த டிஹெச்டி22 சென்சாருக்கு 4.7 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் (சிக்னல் ஒயர் தடுமாறாமல் பிடித்துவைப்பது) இருக்கிறது. 2 நொடிக்குள் மறுபடி கேட்டால் அது ஒழுங்காகப் பதில் சொல்லாது என்பதால் இடைவெளியை 30 நொடியாக வைத்திருக்கிறேன். வைஃபை அனுப்பும்போது போர்டில் உள்ள இஎஸ்பி8266 சில்லு சட்டென்று மின்சாரத்தை இழுக்கும், அதற்காகப் போர்டு ஓரத்தில் 470 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும், சென்சார் காலடியில் 0.1 ஒன்றும். சென்சாரைப் போர்டுப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, மெல்லிய ஒயரில் ஒரு சாண் கீழே தொங்கவிட்டேன். இதனால் எப்போதுமே ஒரு டிகிரி கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது சரியானது. சாயங்காலத் துள்ளல் மட்டும் அப்படியே. எஸ்எச்டி31 என்ற வேறொரு சென்சாரை வாங்கி மாட்டினேன். அதுவும் அதே நேரத்தில் அதே அளவு துள்ளியது. இரண்டு வேறு கம்பெனி, இரண்டு வேறு வகைச் சில்லு, ஒரே கோளாறு என்றால் கோளாறு சில்லில் இல்லை.

இந்த இடத்தில் பலர் மீடியன் ஃபில்டர் (கடைசிச் சில எண்களில் நடு எண்ணை மட்டும் எடுப்பது) போட்டு மூடிவிடச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஒரு நொடி வந்து போகும் தப்பான எண்ணுக்கு ஃபில்டர் சரி. இரண்டு மணி நேரம் நீடிக்கிற ஒன்றை ஃபில்டர் போட்டு மறைத்தால் கோடுதான் அழகாகும், வேறொன்றும் நடக்காது.

கைகொடுத்தது பனிநிலை, அதாவது காற்றைக் குளிரவைத்தால் அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் தனித்தனிக் கோடாகப் பார்த்துக்கொண்டிருக்கிற எல்லோரும் மூன்றாவதாக இதையும் கணக்குப்போட்டு வரைய வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து. வெப்பநிலையும் ஈரப்பதமும் தெரிந்தால் பனிநிலையைத் தரும் மாக்னஸ் சூத்திரம் போதும். மாறிலிகள் 17.62, 243.12. போர்டில் ஓடும் இஎஸ்பிஹோம் மென்பொருளில் லாம்டாவாக (சின்ன நிரல் துண்டு) நாலு வரி எழுதினால் முடிந்தது. ஒருநாள் என் பதிவில் இருந்தது இது: துள்ளலுக்கு முன் 31 டிகிரி, 45 சதவீதம். உச்சத்தில் 33.5 டிகிரி, 39 சதவீதம். ஈரப்பதம் ஆறு புள்ளி இறங்கியதே என்று பதறத் தோன்றும். பனிநிலை போட்டுப் பார்த்தால் முன்னதற்கு 17.7, பின்னதற்கும் கிட்டத்தட்ட அதே. அதாவது காற்றில் உள்ள தண்ணீர் ஒரு பொட்டும் கூடவில்லை, குறையவில்லை. சென்சார் இருக்கும் இடம் மட்டும் சூடாகியிருக்கிறது. சமையல் ஆவி காரணமாக இருந்தால் பனிநிலை ஏறியிருக்க வேண்டும். பாதிப் பட்டியலை அடித்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது சாயங்காலம் லோ வோல்டேஜில் சார்ஜர் தடுமாறுகிறதா என்ற சந்தேகம். அதற்குத்தான் உப்பு பாட்டில்: மூடிய பாட்டிலுக்குள் ஈர உப்பு இருந்தால் உள்ளே ஈரப்பதம் ஒரே எண்ணில் நிற்கும். உப்பு பாட்டிலை எல்லோரும் சென்சாரின் அளவு சரியா என்று பார்க்க மட்டும் பயன்படுத்துகிறார்கள், எனக்கு அது சாட்சியாகவும் பயன்பட்டது. கல் உப்பு வேண்டாம், அதில் மெக்னீசியம் கலந்திருக்கும். தூள் உப்பை ஒரு மூடியில் போட்டுச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். ஈர மணல் பதம், அவ்வளவுதான். மேலே தண்ணீர் நின்றால் கெட்டது, கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்கவும். மூடியைப் பெரிய வாய் பாட்டிலுக்குள் வைத்து, சென்சாரை மேலே தொங்கவிட்டு, ஒயர் வெளியே வரும் ஓட்டையைப் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணால் அடைத்தேன். உள்ளே ஈரப்பதம் 25 டிகிரியில் 75.3, 30 டிகிரியில் 75.1 சதவீதம். நம் ஊர் வெயிலுக்கு இதைவிடத் தோதான உப்பு கிடையாது, வெப்பநிலை மாறினாலும் எண் அசைவதே இல்லை. ஆனால் மாற்றம் மெதுவாக வர வேண்டும். உப்பு ஒரு சூடு, சென்சார் ஒரு சூடு என்று இருந்தால் எண் பொய் சொல்லும். அதனால் பாட்டிலைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, ஒரு ராத்திரி முழுக்கத் தொடவில்லை. எஸ்எச்டி31 76-இல் நின்றது. டிஹெச்டி22 81. அதன் சங்கதி இனி அவ்வளவுதான், மொட்டைமாடித் தொட்டிக்குப் பக்கத்தில் போய்விட்டது.

முக்கியம் இதுதான்: அதே போர்டு, அதே சார்ஜர், அதே பிளக் பாயின்ட், சென்சார் மட்டும் பாட்டிலுக்குள். ஆறரை மணி வந்தது, கோடு அசையவில்லை. ஆகவே மின்சாரமும் குற்றவாளி இல்லை. மிஞ்சியது சுவர்.

அந்த இடத்தில் பழைய ஸ்விட்ச் பாக்ஸ் ஒன்று இருக்கிறது. காலியாகக் கிடக்கிறதே என்று அதன் மேல் பிளேட் போட்டு, நடுவில் ஓட்டையிட்டு, ஒயரை வெளியே விட்டிருந்தேன். பாக்ஸுக்குள் வந்து சேரும் கன்சீல்டு பைப் நேராக மேல்தளக் கான்கிரீட்டுக்குள் போகிறது. கிருஷ்ணகிரியில் ஏப்ரல் மே மாதத்தில் மொட்டைமாடி எப்படிக் காயும் என்று சொல்லத் தேவையில்லை. வெயில் போன பிறகும் தளம் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். வீட்டில் ஆறரைக்கு அடுப்பு பற்றவைத்தால் கூடவே எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவார்கள். அது வீட்டுக் காற்றை வெளியே தள்ள, அதற்கு ஈடாகக் கிடைத்த சந்திலெல்லாம் காற்று உள்ளே வரும். பைப்பும் ஒரு சந்துதானே.

ஊதுபத்தியைப் பிளேட் ஓட்டைக்கு நேரே பிடித்தேன். ஃபேன் நிற்கும்போது புகை நேராக மேலே போனது. ஃபேனைப் போட்டதும் புகை என் முகத்துக்கு அடித்தது. தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பைப்புல காத்து வருமா சார்?" என்று சிரித்துக்கொண்டே வந்தவர், உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினார்.

எம்சிபியை அணைத்துவிட்டு, பைப் வாயில் ஃபோம் துண்டைத் திணித்து அடைத்தோம். எம்-சீல் வேண்டாம் என்றார், நாளைக்கு ஒயர் இழுக்க முடியாது. நியாயம்தான். பிளேட் ஓட்டையைச் சிலிகான் வைத்து மூடும்போது ஒன்று கவனியுங்கள்: வினிகர் வாடை அடிக்கும் சிலிகானை ஈரப்பதச் சென்சார் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. அந்த அமில ஆவி சென்சாரின் பாலிமர்ப் படலத்தைக் கெடுத்து எண்ணை நிரந்தரமாகத் தள்ளிவிடும். நியூட்ரல் வகை கேட்டு வாங்க வேண்டும். எங்கள் ஊர்க் கடைகளில் அப்படி ஒன்று இருப்பதாகவே ஒப்புக்கொள்ளவில்லை. "எல்லாம் ஒண்ணுதாங்க" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்து, கடைசியில் அலுமினிய ஜன்னல் வேலை செய்பவரிடம் பாதி டியூப் வாங்கினேன்.

எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்கப் பெங்களூர் எஸ்.பி. ரோடு பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஈரப்பதமும் அளக்கும் பிஎம்இ280 சென்சார் என்று தருவதில் பாதி பிஎம்பி280-ஆக இருக்கிறது. வெப்பநிலையும் அழுத்தமும் வரும், ஈரப்பதம் வராது. சில்லு எண்ணைப் படித்தால் தெரிந்துவிடும்: 0x60 வந்தால் பிஎம்இ, 0x58 வந்தால் ஏமாந்தீர்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வழியாக பஸ் ஏறிப் போய் வாங்கிவந்து, மாற்றித் தரக் கேட்டு மறுபடி போவது யாருக்கு முடியும்? லேப்டாப்பையும் ஒரு போர்டையும் கையோடு எடுத்துப்போய்க் கடை வாசலிலேயே படித்துப் பார்ப்பது என்று முடிவு. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

அடுத்து பாலக்கோடு பக்கம் மச்சானின் பட்டுப்புழு மனை. கடைசிப் பருவப் புழுவுக்கு 24, 25 டிகிரியும் 70 சதவீதத்தை ஒட்டிய ஈரமும் வேண்டும் என்கிறார். கோடையில் ஈரச் சாக்கு தொங்கவிட்டுத்தான் சமாளிக்கிறார், எண் எதுவும் கையில் இல்லை. அங்கே சிக்கல் வேறு. தோலுரிக்கும் நேரத்தில் படுக்கையில் சுண்ணாம்புத் தூள் தூவுவார்கள், மனையைக் கழுவப் பிளீச்சிங் பவுடர். திறந்த சென்சார் எத்தனை நாள் தாங்கும்? வடிகட்டிப் படலம் ஒட்டியே வரும் எஸ்எச்டி31 ஒன்றை ஆர்டர் போட்டிருக்கிறேன். கிருமிநாசினி அடிக்கும் நாளில் கழற்றி எடுத்துவைக்க வசதியாகப் பிளக் வைத்த ஒயர்.

வீட்டில் இன்னும் சமையலறைச் சென்சார் பாக்கி. இட்லி வேகும்போது 99-க்குப் போனால் மதியம் வரை அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. எஸ்எச்டி31-க்குள் இருக்கும் ஹீட்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டிப் படிந்த ஈரத்தை விரட்டலாம் என்று இருக்கிறேன். ஹீட்டர் ஓடும்போது வரும் எண்களைப் பதிவில் சேர்க்காமல் தள்ளிவிட வேண்டும், அந்த லாம்டாதான் பாதியில் நிற்கிறது.