முக்திநாத் வரை இரண்டு வண்டிகள்

அண்ணன் ஓட்டுகிற பைக்கின் ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, அவர் மகன் பெயரில் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தால் சுனௌலி எல்லையில் எங்களுக்கு அரை நாள் போய்விட்டது. நேபாளத்துக்குச் சொந்த வண்டியில் போக நினைக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அதனால் ஆர்.சி.யில் இருந்தே தொடங்குகிறேன்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. வேலை பார்க்கிற இடத்தில் எனக்கு மூத்தவர். அவருக்கு 54 வயது, எனக்கு 42. அவருடைய அம்மா எண்பதைத் தாண்டியவர். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் சாளக்கிராமம் என்று வைணவர்கள் சொல்லும் முக்திநாத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் ஆசை. முழங்கால் விடவில்லை. "நீயாவது போய்ட்டு வாடா. வரும்போது கொஞ்சம் தீர்த்தம் கொண்டா" என்று மகனிடம் சொல்லிவிட்டார். நாங்கள் இருவரும் பல வருடமாகச் சேர்ந்து வண்டி ஓட்டுகிறவர்கள். அதனால் பஸ், விமானம் என்ற பேச்சே எழவில்லை.

2024 அக்டோபர் கடைசியைத் தேர்ந்தெடுத்தோம். மழைக்காலத்தில் காளி கண்டகி ஓரமாகப் போகிற ரோட்டில் மண் சரியும். டிசம்பருக்குப் பிறகு மேலே உறைபனி. அந்த வருடம் அக்டோபரில் தசைன் பண்டிகைக்கு, அதாவது அவர்களுடைய தசராவுக்கு, அரசு அலுவலகங்கள் நாள்கணக்கில் மூடியிருந்தன, மாதக் கடைசியில் அவர்களுடைய தீபாவளியான திகார் வந்தது. இரண்டுக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் போனோம்.

சென்னையிலிருந்து கோரக்பூர் வரை வண்டிகளை ரயில் பார்சலில் போட்டோம். பெட்ரோலைச் சொட்டு விடாமல் இறக்க வேண்டும். ஆர்.சி. நகல், அடையாள அட்டை நகல் வேண்டும். சாக்கும் அட்டையும் வைத்துக் கட்டித்தர ஸ்டேஷனிலேயே ஆள் இருக்கிறார்கள். கண்ணாடிகளைக் கழற்றிப் பைக்குள் வைக்காதது எங்கள் தப்பு. கோரக்பூரில் சாக்கைப் பிரித்தபோது என் வலது கண்ணாடி நடுவில் விரிந்திருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு நாள் கழித்துத்தான் வண்டிகள் வந்தன. இதை முன்பே கணக்கில் வைத்திருந்ததால் பதற்றம் இல்லை.

கோரக்பூரிலிருந்து சுனௌலி ஏறக்குறைய 100 கிலோமீட்டர். எல்லை நுழைவு வளைவைத் தாண்டினால் பேலஹியா, அந்தப் பக்கம் நேபாளம். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ இருந்தால் போதும். நம் ஓட்டுநர் உரிமமும் செல்லும். ஆள் நடந்தே போய்விடலாம், வண்டிக்குத்தான் காகிதம் வேண்டும். அங்கே அதற்குப் பன்சார் என்று பெயர், அதாவது சுங்கச் சீட்டு. எத்தனை நாள் இருக்கப் போகிறோம் என்று சொல்லி, நாள் கணக்கில் பணம் கட்டி வாங்க வேண்டும். கூடவே போக்குவரத்து அலுவலகத்தில் யாதாயாத் அனுமதி.

கவுன்டரில் இருந்தவர் அண்ணனின் ஆர்.சி.யையும் உரிமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஓனர் எங்கே?" என்றார். மகன் ஓசூரில் இருக்கிறான். ஓனர் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் கடிதம் இல்லாமல் சீட்டு தர முடியாது என்று சொல்லிவிட்டார். கோபப்பட இதில் எதுவும் இல்லை. திருட்டு வண்டி எல்லை தாண்டாமல் பார்ப்பது அவர் வேலை. திரும்ப இந்தியப் பக்கம் வந்து, ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் உட்கார்ந்து மகனுக்குப் போன் போட்டோம். அவன் ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, தன் அடையாள அட்டையோடு படமெடுத்து அனுப்பினான். அதை அச்செடுத்துக் கொண்டு மறுபடி போனோம். ஆர்.சி.யிலும் அண்ணனின் உரிமத்திலும் முகவரி ஒன்றாக இருந்ததால் ஏற்றுக்கொண்டார்கள். எல்லோரிடமும் இப்படி ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். ஊரிலேயே நோட்டரியிடம் முத்திரை வாங்கிய கடிதத்தை எடுத்துப் போங்கள்.

சீட்டை வாங்கியதும் அங்கேயே நின்று தேதியைப் படியுங்கள். எங்கள் சீட்டில் 2081-07-05 முதல் 2081-07-14 வரை என்று இருந்தது. அண்ணன் திடுக்கிட்டு, "ஜூலைன்னு போட்டிருக்கானே தம்பி" என்றார். அது விக்ரம் சம்வத் கணக்கு. 2081-ஆம் வருடம், ஏழாவது மாதமான கார்த்திக், ஐந்தாம் தேதி. நமக்கு அது அக்டோபர் 21. கடைசி நாள் அக்டோபர் 30. அன்றைக்குள் வண்டி வெளியே வராவிட்டால் அபராதம். சீட்டின் பின்பக்கத்திலேயே நம் தேதியைப் பென்சிலால் எழுதி வைத்தோம். எங்கள் திட்டம் எட்டு நாள்தான். இரண்டு நாள் கூடுதலாக வாங்கலாம் என்று அண்ணன்தான் சொன்னார். எதற்கு வீண் செலவு என்று எனக்குத் தோன்றியது. அந்த இரண்டு நாள்தான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

கையில் 100 ரூபாய் நோட்டுகளாக வைத்திருந்தோம். அப்போது அதற்கு மேற்பட்ட இந்திய நோட்டுகள் அங்கே செல்லாது. நம் 100 அங்கே 160.

புட்வல் தாண்டியதும் சித்தார்த்த நெடுஞ்சாலை மலையில் ஏறுகிறது. சித்த பாபா கோயில் பக்கத்தில் மேலிருந்து கல் விழும் என்பது ஊரறிந்த விஷயம். அந்த இடத்தில் படமெடுக்க நிற்காமல் கடந்துவிடுங்கள். போக்ராவில் ஒரு நாள் முழுக்க அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிச் சீட்டுக்கும் பிரேக் பேட் மாற்றுவதற்கும் போனது. சார்க் நாட்டுக்காரர்களுக்கு 1,000 நேபாள ரூபாய், கூடப் புகைப்படம். வழியில் சாவடிகளில் கேட்டு வாங்கிப் பதிவு செய்கிறார்கள்.

பேனி வரை தார் ரோடு. அதற்குப் பிறகு நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பேனிக்கு மேலே ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் காளி கண்டகி. ரோடு வேலை நடந்து கொண்டிருந்ததால் சில இடங்களில் கணுக்கால் ஆழத்துக்குச் சேறு. என்னுடையது ஹிமாலயன் 411, சேற்றில் அதற்கு நல்ல பிடிப்பு. அண்ணனுடையது கனமான 350 சிசி வண்டி, சாதாரண ரோட்டு டயர். இதெல்லாம் தெரிந்தும் நான் முன்னால் போனேன். ஓடை ஒன்று ரோட்டின் குறுக்கே பாய்ந்தது. நின்று அவர் கடப்பதைப் பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும். நான் கடந்து, நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். விரிந்த கண்ணாடியில் பின்னால் வருவது சரியாகத் தெரியவும் இல்லை. பத்து நிமிடம் ஆனது. இருபது ஆனது. டீ ஆறிப்போனது. செல்போனில் சிக்னல் இல்லை. திருப்பிக்கொண்டு போனேன்.

ஓடையில் உருண்டைக் கல் மீது முன் சக்கரம் ஏறி வழுக்கியிருக்கிறது. வண்டி இடது பக்கம் சாய்ந்து, பக்கப் பெட்டிக்கு அடியில் அவர் கால் மாட்டிக்கொண்டது. டிப்பர் லாரியில் வந்த இரண்டு பேர்தான் வண்டியைத் தூக்கி அவரை இழுத்து உட்கார வைத்திருந்தார்கள். நான் போனபோது ஒரு பாறை மேல் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு, கணுக்காலை ஓடைத் தண்ணீரில் வைத்திருந்தார். கிளட்ச் லீவர் மேல்நோக்கி வளைந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "ஒண்ணுமில்ல தம்பி, சுளுக்குதான்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

லீவர், கிளட்ச் கேபிள், ட்யூப் மூன்றும் உதிரியாக எடுத்துப் போயிருந்தோம். புது லீவரை மாட்டி, மெல்ல ஓட்டித் தாதோபானி போய்ச் சேர்ந்தோம். தாதோபானி என்றால் வெந்நீர். ஆற்றங்கரையில் வெந்நீர் ஊற்றுத் தொட்டி இருக்கிறது. மறுநாள் முழுக்க அண்ணன் அதில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீக்கம் பாதியாக இறங்கியது. எலும்பில் அடியில்லை என்று அங்கிருந்த சுகாதார நிலையத்தில் அழுத்திப் பார்த்துச் சொன்னார்கள். அன்று ராத்திரி, "நாளைக்கு நீங்க முன்னாடி போங்கண்ணே" என்றேன். அதற்குப் பிறகு ஊர் திரும்பும் வரை அவர்தான் முன்னால். இரண்டு பேர் போகும்போது மெதுவாக ஓட்டுகிறவர் முன்னால் போக வேண்டும் என்பதை நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் குறுக்கே வந்தால் ஒருவர் கடந்து, வண்டியை நிறுத்தி, இறங்கி நிற்க வேண்டும். அதன் பிறகுதான் அடுத்தவர் இறங்குவது.

காசா என்ற ஊரைத் தாண்டியதும் மலையே மாறிவிடுகிறது. ஒரு பக்கம் 8,167 மீட்டர் தௌலகிரி, எதிரே அன்னபூர்ணா, நடுவில் ஆற்றுப் படுகையில் நாம். பச்சை குறைந்து, மண் சாம்பல் நிறமாகிறது. மார்பாவில் தங்கினோம். வெள்ளையடித்த கல் வீடுகள், கூரை ஓரம் முழுக்க அடுக்கிய விறகு, வாசலில் கூடை கூடையாக ஆப்பிள். அந்தப் பகுதித் தகாலி மக்களின் வீட்டுச் சாப்பாட்டில் சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போட்டார்கள். குந்த்ருக் என்ற புளித்த கீரையின் ரசம் அண்ணனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

வீட்டுக்கார அம்மா ஒன்று சொன்னார்: "காத்து எழும்பறதுக்கு முன்னாடி மேல போயிடுங்க." முற்பகல் பதினோரு மணிக்கு மேல் பள்ளத்தாக்கில் தெற்கிலிருந்து காற்று கிளம்பிவிடும். ஜோம்சோமுக்கு விமானங்கள் காலையில் மட்டும் வருவது அதனால்தான். ஐந்தரைக்கே கிளம்பினோம். காக்பேனி பிரிவு தாண்டியதும் ஏற்றம். மார்பாவில் ராத்திரி தங்கி உடம்பைப் பழக்கியது நல்லதாகப் போயிற்று. 3,700 மீட்டரில் எனக்கு லேசாகத் தலை கனத்தது, அவ்வளவுதான்.

ராணிபௌவாவில் வண்டியை விட்டுவிட்டுப் படியேற வேண்டும். அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினார். கோயிலுக்குப் பின்னால் அரை வட்டமாக 108 தாரைகள், ஒவ்வொன்றும் மாட்டு முகம். எல்லாவற்றின் கீழும் நனைந்து போக வேண்டும். தண்ணீர் பட்ட இடம் முதலில் எரிந்தது, பிறகு மரத்துப்போனது. கால் சரியில்லாதவர் ஒரு தாரையைக்கூட விடவில்லை. கோயிலைப் பார்த்துக்கொள்வது பௌத்தப் பெண் துறவிகள். நெற்றியில் திலகம் வைத்துவிட்டதும் அவர்களில் ஒருவரே. அண்ணன் சன்னதியில் எதையும் வேண்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. அம்மாவின் பெயரை மட்டும் மெல்லச் சொன்னார். பிறகு தாரையில் ஒரு எவர்சில்வர் குப்பியை நிரப்பி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார்.

திரும்பி வந்து 30-ஆம் தேதி மதியம் பேலஹியாவில் பன்சார் சீட்டைக் கொடுத்து முத்திரை வாங்கினோம். வெளியேறும்போது இதைச் செய்யாமல் வந்துவிடக் கூடாது. கோரக்பூரில் வண்டிகளை மறுபடி சாக்கில் கட்டினோம். இந்தத் தடவை நாலு கண்ணாடியையும் கழற்றித் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தார் அண்ணன். குப்பியை மட்டும் பையில் வைக்கவில்லை. சென்னை வரும் வரை மடியிலேயே வைத்திருந்தார்.