மெஸ்கால்: புகைக்கு அடியில் இருக்கும் ருசியைத் தேடி ஏழு மாதங்கள்

ஏழு மாதங்களுக்கு முன், மெக்சிகோவின் வஹாகா நகரில் முதன்முதலாக மெஸ்காலைச் சுவைத்த இரவில், என் குறிப்பேட்டில் "புகை" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதையும் எழுத முடியவில்லை. வேலை நிமித்தமாக அங்கே தங்க வந்திருந்தேன். விருந்துக்குப் போன வீடுகளிலெல்லாம் சிறு கோப்பையில் ஊற்றிக் கொடுக்கப்பட்ட அந்தச் சாராயத்தை மரியாதைக்காக விழுங்கிவிட்டு எழுந்துவருவது உறுத்தலாக இருந்ததால், வாரத்துக்கு ஒரு மாலை, ஒரே ஒரு வகையை மட்டும் நிதானமாகச் சுவைத்து எழுதிவைப்பது என்று முடிவு செய்தேன்.

மெஸ்கால் மகேய் என்னும் செடியிலிருந்து வடிக்கப்படுவது. நம் ஊர் வேலியோரங்களில் ஆனைக்கற்றாழை என்று நிற்பதும் இதே அகாவே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். முள் இலைகளை வெட்டியெறிந்தபின் எஞ்சும் கனத்த நடுப்பகுதி அன்னாசியைப் போலத் தோன்றுவதால் அதைப் பீன்யா என்கிறார்கள். தரையில் தோண்டிய குழியில் விறகை எரித்துக் கற்களைப் பழுக்கக் காய்ச்சி, அவற்றின் மேல் ஈரச் சக்கையைப் பரப்பி, பிளந்த பீன்யாக்களைக் குவித்து, பாயும் மண்ணும் போட்டு மூடி, மூன்று முதல் ஐந்து நாட்கள் வரை வேகவிடுகிறார்கள். பச்சையாக இருக்கும்போது இனிப்பில்லாத அந்தச் சதை, உள்ளிருக்கும் ஃப்ரக்டான் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் எளிய சர்க்கரையாக உடைவதால், வெந்தபின் கருப்பட்டி நிறத்தில் தித்திக்கிறது. மெக்சிகோவின் பழங்குடி மொழிகளில் ஒன்றான நாவாட்டிலில் மெஸ்கால் என்ற சொல்லுக்கே சுட்ட மகேய் என்றுதான் பொருள். புகைவாடை ஏறுவது இந்தக் குழியில்தான். செடியின் சொந்த ருசி அதற்கு அடியில் கிடக்கிறது என்பதை நாக்கு ஒப்புக்கொள்வதற்கு எனக்கு ஆறு வாரங்கள் ஆயின.

அந்த ஆறு வாரங்களில் செய்த பிழைகளை மறைக்காமல் எழுதுகிறேன். மூக்கைக் கோப்பைக்குள் ஆழ நுழைத்து மோந்ததால், சாராய நெடி சுள்ளென்று ஏறி, பிறகு வேறெந்த மணமும் பிடிபடவில்லை. ஒரே மாலையில் ஐந்து வகைகளை வரிசையாக வைத்துச் சுவைத்தபோது மூன்றாவதற்குப் பின் நாக்கு மரத்துப்போனது. எலுமிச்சை வாசனைச் சோப்பால் கழுவிய கோப்பையில் ஊற்றிவிட்டு, மெஸ்காலிலேயே எலுமிச்சை மணம் இருப்பதாக ஒரு பக்கம் முழுக்க எழுதிவைத்திருந்தேன். அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை. இவற்றைத் திருத்தியவர் நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான மூதாட்டி. இரண்டு சொட்டுகளை என் உள்ளங்கையில் விட்டுத் தேய்க்கச் சொன்னார். சாராயம் ஆவியாகிப் பறந்தபின் கையில் நின்றது வெந்த மகேயின் மணம்: வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கின் இனிப்பும் ஈரமண்ணும் கலந்த ஒன்று. முத்தமிடுவதுபோல உதட்டில் தொட்டுத்தான் மெஸ்காலை அருந்த வேண்டும் என்பது அந்த ஊர்ப் பேச்சு. முதல் மிடறு வாயைப் பழக்குவதற்கு, ருசி பார்ப்பது இரண்டாவதிலிருந்துதான் என்றும் அவர் சொல்லிக்கொடுத்தார்.

பதினோராம் வாரம், நகருக்குத் தெற்கே உள்ள சாந்தா கத்தரீனா மீனாஸ் என்ற ஊரில் ஒரு பலெங்கேவுக்குப் போனேன். சாராயம் காய்ச்சும் களத்துக்கு வஹாகாவில் அதுதான் பெயர். பல ஊர்களில் குதிரையோ கோவேறு கழுதையோ இழுக்கும் தஹோனா என்ற கல் சக்கரத்தால் வெந்த மகேயை அரைக்கிறார்கள். நான் பார்த்த இடத்தில், குடைந்த மரத்தொட்டியில் போட்டு மரத் தடிகளால் குத்தினார்கள். பிறகு நாரும் சாறுமாக மரப்பீப்பாய்களில் ஊறல் போடுகிறார்கள். ஈஸ்ட் எதையும் சேர்ப்பதில்லை. காற்றிலும் மரத்திலும் இருப்பதே புளிக்கவைக்கிறது. வாலைக்குப் பதிலாக மண்பானைகள். அடிப்பானையில் ஊறல் கொதிக்க, அதன் மேல் அடியில்லாத இன்னொரு பானை, அதன் வாயில் குளிர்ந்த நீர் நிறைத்த உலோகச் சட்டி. ஆவி சட்டியின் அடியில் பட்டுக் குளிர்ந்து, மகேய் இலையில் செதுக்கிய கரண்டியில் சொட்டி, நாணல்குழாய் வழியே வெளியே வருகிறது. இப்படி இரண்டு முறை வடிக்கிறார்கள். ஒரு பானையில் கிடைக்கும் அளவு மிகக் குறைவு என்பதைப் பார்த்தபின், விலை ஏன் அப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

அங்கே பெரியவர் ஒருவர் சாராயத்தின் பக்குவத்தைப் பார்த்த விதம் மனதிலேயே நிற்கிறது. ஒரு நாணல்குழாயின் வழியே வாயால் உறிஞ்சி ஏற்றி, சுரைக்குடுவை போன்ற ஹீகரா கிண்ணத்தில் மெல்லிய தாரையாக விழவிட்டார். விழுந்த இடத்தில் நுரைமுத்துகள் எழுந்து, ஒன்றையொன்று தொட்டபடி விளிம்பில் மாலைபோல நின்றன. ஏறத்தாழ 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் முத்து நிற்கும். தண்ணீர் கூடினாலும் சாராயம் கூடினாலும் சட்டென்று உடைந்துவிடும். அவர் பானையின் முதல் வடிப்பையும் கடை வடிப்பையும் சிறிது சிறிதாகக் கலந்து, மூன்று முறை முத்து பார்த்து, நான்காவது முறை தலையசைத்தார். குடிக்குமுன் சில துளிகளை மண்ணில் சிந்தினார். நானும் சிந்தினேன்.

அடுத்த மூன்று வாரங்களும் எஸ்பதீன் என்ற ஒரே மகேய் வகையில் வடித்ததைத்தான் சுவைத்தேன்: ஒரு புட்டி செப்பு வாலையில் வடித்தது, இன்னொன்று மண்பானையில் வடித்தது. செப்பில் வடித்தது தெளிவாக, பழுத்த கொய்யாவும் மிளகும்போல வந்து சீக்கிரம் அடங்கியது. மண்பானையில் வடித்ததில் மழைக்குப் பிந்தைய மண்ணின் வாடை, லேசான உப்பு, நாக்கின் ஓரத்தில் நெடுநேரம் நின்ற துவர்ப்பு. ஊரும் கையும் வேறாக இருந்ததால் எல்லா வித்தியாசத்தையும் பானையின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆயினும் புகையை ஒதுக்கிவைத்து வேறொன்றை நான் கண்டது அந்த வாரங்களில்தான். புட்டியில் ஒட்டியிருப்பதைப் படிக்கும் பழக்கமும் அப்போது வந்தது. 2017-இல் வெளியான விதிமுறை, மெஸ்கால், கைவினை மெஸ்கால், மூதாதையர் முறை மெஸ்கால் என்று மூன்றாகப் பிரிக்கிறது. மண்பானையில், நேரடித் தீயில் வடித்ததுதான் மூன்றாவது வகை. செடியின் பெயர், ஊர், வடித்தவர் பெயர் மூன்றும் இல்லாத புட்டியை இப்போது நான் வாங்குவதில்லை.

தொபலா என்ற காட்டு மகேயைப் பற்றி எழுதும்போது மட்டும் கை தயங்குகிறது. இருபத்திரண்டாம் வாரம் அதைச் சுவைத்தேன். மல்லிகையும் பச்சைப்புல்லும் கலந்த மணம், பால் போன்ற மென்மை. குறிப்பேட்டில் மிக நீண்ட பக்கம் அதற்குத்தான். ஆனால் எஸ்பதீன் ஆறேழு ஆண்டுகளில் முற்றிவிடுகிறது, பக்கக்கன்றும் விடுகிறது. சிறிய செடியான தொபலா முற்றுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது, விதையிலிருந்து மட்டுமே முளைக்கிறது. மகேய் வாழ்நாளில் ஒருமுறைதான் பூக்கும். சர்க்கரை பூந்தண்டுக்குப் போய்விடும் என்பதால் பூப்பதற்கு முன்பே வெட்டுகிறார்கள். அப்படி வெட்டப்படும் ஒவ்வொரு காட்டுச் செடியோடும் அதன் விதைகளும், பூவுக்கு வரும் வௌவால்களின் உணவும் போய்விடுகின்றன. சில பூக்களை விட்டுவைத்து, விதை எடுத்து, நாற்று வளர்த்து நடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்கிறவரா என்று கேட்டு, ஆம் என்ற பதில் வந்தால்தான் வாங்குவது என்றும், அதுவும் ஆண்டுக்கு ஒரு புட்டி என்றும் எனக்கு நானே வரையறுத்துக்கொண்டேன். நன்றாக வடித்த எஸ்பதீனை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு இப்போது எனக்கு உடன்பாடு இல்லை.

நேற்று மாலை, முதல் இரவில் "புகை" என்று எழுதிய அதே மெஸ்காலை மறுபடி ஊற்றினேன். கால் மணி நேரம் தொடாமல் வைத்திருந்து, வழக்கமாகத் தொட்டுக்கொள்ளும் ஆரஞ்சுத் துண்டும், மகேய்ப் புழுவை அரைத்துச் சேர்த்த புழு உப்பும் இல்லாமல், மூன்று மிடறுகளாக அருந்தினேன். வெந்த கிழங்கு, ஆரஞ்சுத் தோல், ஈரக் களிமண், ஒரு நூல் கசப்பு என்று எழுதிவிட்டு, கோப்பையைக் கழுவாமல் சன்னலோரம் வைத்துத் தூங்கப் போனேன். காலையில் மோந்தபோது சாராயமும் புகையும் முற்றிலும் போயிருந்தன. அடியில் ஒட்டியிருந்தது கருப்பட்டிப் பாகின் மணம் மட்டுமே. அதையும் அந்தப் பக்கத்திலேயே சேர்த்து எழுதியிருக்கிறேன்.