கோமாளி மீனின் கிழிந்த வால்: கடியா, அழுகலா?

துடுப்பு கிழிந்த கடல்மீனைப் பார்த்தவுடன் கை மருந்துப் புட்டியைத் தேடிப் போகும். முதலில் தேட வேண்டியது டார்ச் விளக்கை.

கிருஷ்ணகிரியில் என் வீட்டுத் தொட்டியில் இருந்தவை ஒரு ஜோடி ஆசெல்லாரிஸ் இனக் கோமாளி மீன்களும், மஞ்சள் வால் டாம்செல் என்ற சிறு மீன் ஒன்றும். ஜோடியில் சிறியதான ஆண் மீனுக்கு வால் துடுப்பின் கீழ்ப்பக்கம் ஒரு துண்டு காணவில்லை. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். பிறை வடிவில் வெட்டு. விளிம்பு சுத்தமாக இருந்தது. துடுப்பைத் தாங்கும் மெல்லிய எலும்பிழைகளான கதிர்களில் இரண்டு நுனியில் பிளந்து நின்றன. வெண்மை இல்லை, அடிப்பகுதியில் சிவப்பு இல்லை. மூச்சும் சீராக இருந்தது, இரைக்கும் முந்திக்கொண்டு வந்தது. இது கடி. அழுகலாக இருந்தால் விளிம்பு பஞ்சு பிரிந்ததுபோல் நைந்து, ஓரம் வெளுத்து, நாளுக்கு நாள் வெட்டு உள்வாங்கும்.

கடித்தது யார்? கோமாளி மீன்களில் பெரியது பெண். அது ஆணை அதட்டிக் கடிப்பது வழக்கம் என்பதால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். ஆனால் விளக்கு அணையும் நேரத்தில் ஓரமாக உட்கார்ந்து பார்த்தபோது, பாறை இடுக்கிலிருந்து பாய்ந்து வந்தது டாம்செல். பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இரை வைத்துத்தான் அதைப் பிடிக்க முடிந்தது. வலையோடு துரத்தினால் மற்ற மீன்கள்தான் பாறையில் உரசிக் காயப்படும்.

அடுத்தது தண்ணீர். மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், அடர்த்தி 1.025. கடல்நீரின் பிஎச் 8.1 முதல் 8.4 வரை இருப்பதால், நன்னீர்த் தொட்டியில் தாங்கிக்கொள்ளும் அம்மோனியா அளவுகூட இங்கே நஞ்சாகிவிடும். எங்கள் மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்த ஃபுளோரைடு தொல்லையால்தான். அதனால் ஆர்ஓ தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் செயற்கைக் கடல் உப்பு கலக்கிறேன். வீட்டு ஆர்ஓ கருவிகள் பலவற்றில் சுவைக்காகக் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கும் திருகு ஒன்று உண்டு. மீன் தொட்டிக்குப் பிடிக்கும்போது அதை முழுக்க மூடிவிட வேண்டும். வெயில் காலத்தில் மின்விசிறி வைத்துத் தொட்டியைக் குளிர்வித்தால் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். குறைந்த அளவை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால் மட்டுமே நிரப்ப வேண்டும்.

டாம்செல் போன பிறகு காயம் ஆறத் தொடங்கியது. அப்போது பார்த்து ஒரு நீண்ட மின்வெட்டு, தண்ணீரில் காற்றோட்டம் நின்றது. அதன்பின் வெட்டின் ஓரத்தில் நூலளவு வெள்ளைக் கோடு தெரிந்தது. மறுநாள் அது அகன்றது. கடியில் தொடங்கியது அழுகலாகிவிட்டது. விப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் கடல்நீரில் எப்போதும் இருப்பவை. ஆரோக்கியமான தோலில் அவற்றுக்கு வேலை இல்லை. திறந்த காயமும் களைத்த மீனும் சேர்ந்தால் போதும்.

மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றினேன். அதில் மணலும் பாறையும் கிடையாது. ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய், அவ்வளவுதான். ஆன்டிபயாடிக்கைப் பெரிய தொட்டியில் ஊற்றவே கூடாது. கழிவை முறிக்கும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து சாகும், அம்மோனியா ஏறும். தாமிர மருந்து ஒட்டுண்ணிக்கு உரியது, பாக்டீரியாவுக்கு அல்ல. இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

மீன்வளம் படித்த தம்பி ஒருவரிடம் போனில் கேட்டேன். “அண்ணா, டெட்ராசைக்ளின் வகை மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துவிடாதீர்கள். கடல்நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் அதைப் பிடித்துக்கொள்ளும், மீனுக்குப் போய்ச் சேராது. இரை எடுக்கிறதல்லவா? இரையில் வைத்துக் கொடுங்கள்” என்றார். கால்நடை மருத்துவரிடம் அளவு எழுதி வாங்கி, ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலோடு ஜெலட்டினில் கலந்து உறையவைத்து, கடுகளவு துண்டுகளாகக் கொடுத்தேன். வெள்ளை பார்த்தவுடன் தாமதிக்கக் கூடாது என்பதற்குக் காரணமே இதுதான். இரையை விட்டுவிட்ட மீனுக்கு இந்த வழி அடைபட்டுவிடும். தனித்தொட்டியின் தண்ணீரில் ஒரு பகுதியைத் தினமும் மாற்றினேன்.

முதலில் வெள்ளைக் கோடு நின்றது. பிறகு வெட்டின் ஓரத்தில் கண்ணாடி போன்ற சவ்வு. விளக்கைப் பின்னால் பிடித்தால்தான் தெரியும். அதற்குள் மயிரிழைக் கதிர்கள் நீண்டன. ஆரஞ்சு நிறம் அடியிலிருந்து மெல்ல ஏறியது. கறுப்பு விளிம்பு கடைசியாக வந்தது. இந்த நிறமற்ற சவ்வைச் சிலர் மறுபடியும் அழுகல் என்று நினைத்து மருந்தை நீட்டிவிடுகிறார்கள். தெளிவாகத் தெரிந்தால் வளர்ச்சி, பால்போல் மங்கினால் நோய். கதிரின் அடிவேர் தப்பியதால்தான் இவ்வளவும். அதுவரை அழுகியிருந்தால் அந்தப் பகுதி திரும்ப வளராது.

ஒரு கதிர் மட்டும் சற்றுக் கோணலாக வளர்ந்திருக்கிறது. நீந்துவதில் குறை இல்லை. டாம்செல்லைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெரிய தொட்டியின் சம்ப்பில், அதாவது வடிகட்டும் துணைத்தொட்டியில், இப்போது நல்ல பாக்டீரியா ஊறிய உபரி ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று எப்போதும் ஓடுகிறது, அடுத்த அவசரத்துக்குத் தனித்தொட்டி உடனே தயாராக வேண்டும் என்பதற்காக. மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப்பும் வாங்கியாயிற்று.