டர்பன் கோயில் செர்வர்களில் ஓப்பன்எஸ்எஸ்எச் ஓட்டையை அடைத்த விதம்

2024 ஜூலை 1, திங்கட்கிழமை. தூரத்திலிருந்து செர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில் சிவிஇ-2024-6387 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது எண்) என்ற ஓட்டை இருப்பதைப் பாதுகாப்பு நிறுவனமான குவாலிஸ் வெளியிட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், மெர்பேங்க் பக்கத்துக் கோயில் சங்கங்களுக்காக நாங்கள் பார்த்துக்கொள்ளும் ஒன்பது செர்வர்களுக்கும் உள்ளே போகும் வாசலே எஸ்எஸ்எச்தான். ஆடிக் கஞ்சிப் பூஜைக்கு இரண்டு வாரமே இருந்தது. மண்டப முன்பதிவும் நன்கொடை ரசீதும் மும்முரமாக ஓடும் நேரம்.

ஓட்டையின் தன்மை புரிந்தால்தான் எந்த மெஷினை முதலில் தொடுவது என்று தெரியும். இணைப்பு எடுத்தவர் 120 விநாடிக்குள் உள்ளே நுழையாவிட்டால் செர்வரில் இணைப்பை ஏற்கும் நிரலான எஸ்எஸ்எச்டிக்கு ஓர் அலாரம் சிக்னல் போகும். அதைக் கையாளும் நிரல் சிஸ்லாக் என்ற பதிவேட்டில் எழுதும். லினக்ஸின் அடிப்படை நிரல் தொகுப்பான ஜிலிப்சியில் சிஸ்லாக் எழுதும்போது நினைவகம் ஒதுக்கும், விடுவிக்கும். ஏற்கெனவே ஓர் ஒதுக்கீடு பாதியில் நிற்கும்போது சிக்னல் வந்து விழுந்தால் ஹீப் என்ற நினைவகப் பகுதி குலைந்துபோகும். அந்தக் கணத்தைப் பிடிப்பவருக்குப் பாஸ்வேர்டே இல்லாமல் ரூட் உரிமை, அதாவது மெஷின் மீது முழு அதிகாரம், கிடைக்கும். 2006இல் அடைத்த சிவிஇ-2006-5051தான் இது. 2020 அக்டோபரில் நிரலில் செய்த ஒரு மாற்றத்தில் பழைய தடுப்பு விழுந்துவிட்டது. அதனால் ஓப்பன்எஸ்எஸ்எச் 8.5பி1 முதல் 9.7பி1 வரையுள்ள பதிப்புகளுக்குப் பாதிப்பு.

குவாலிஸ் செய்து காட்டியது 32 பிட் மெஷினில். சராசரியாக 10,000 முயற்சி தேவை. ஒரே நேரத்தில் 100 இணைப்பு, ஒவ்வொன்றும் 120 விநாடி என்றால் 12,000 விநாடி, அதாவது மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஜிலிப்சி இருக்கும் முகவரியையும் ஊகிக்க வேண்டியிருப்பதால் 6 முதல் 8 மணி நேரம். 64 பிட்டில் அவர்கள் செய்து காட்டவில்லை. எங்களிடம் ஒரு மண்டப அலுவலகத்தில் டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பு 32 பிட்டில் ஓடும் பழைய மெஷின் ஒன்று இருந்தது. பேட்ச் (திருத்தம்) போடும் வரிசையில் அதுவே முதல்.

மற்ற எட்டும் லினக்ஸ் வகைகளே: 64 பிட் டெபியன் 12 நான்கு, உபுண்டு 22.04 இரண்டு, ஆல்மாலினக்ஸ் 9 ஒன்று, டெபியன் 11 ஒன்று. டெபியன் 11இல் இருப்பது 8.4பி1. அதற்கு இந்த ஓட்டை இல்லை, அதைத் தொடவில்லை. பழையது என்பதாலேயே ஆபத்து என்று நினைத்து அவசரத்தில் அதை மேம்படுத்தப் போனால் தேவையில்லாத வேலையை இழுத்துக்கொள்வோம்.

பேட்ச் போடும் முன் டீமக்ஸ் என்ற கருவியைத் திறந்துகொள்வது கட்டாயம். 2024 மார்ச் 26இலேயே லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) நிறுத்தப்பட்டிருந்தாலும், டர்பனில் பேட்டைக்குப் பேட்டை மின்சாரம் போவது நின்றபாடில்லை. வீட்டு ரவுட்டர் அணைந்தால் எஸ்எஸ்எச் அறுந்து, அதோடு பேக்கேஜ் நிறுவலும் நடுவில் நின்றுவிடும். டீமக்ஸுக்குள் ஓடினால் நம் லைன் போனாலும் அங்கே வேலை தொடரும். செர்வரே அணைந்துவிட்டால் மறுபடி ஏற்றி, பாதியில் நிற்பவற்றை முடிக்கச் சொல்லி பேக்கேஜ் நிறுவியான டிபிகேஜிக்கு 'கான்ஃபிகர்' கட்டளை கொடுக்க வேண்டும்.

டெபியன் 12இல் பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பித்து, ஓப்பன்எஸ்எஸ்எச் செர்வரை மட்டும் ஏற்றினோம். அமைப்புக் கோப்பை மாற்றவா என்று கேட்டால் இருப்பதையே வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். அவசரத்தில் புதியதைத் தேர்ந்தால் போர்ட் எண்ணும் பயனர் கட்டுப்பாடும் போய்விடும். ஏற்கெனவே திறந்திருக்கும் ஒரு லாகினை மூடாமல் வைத்துக்கொண்டு, வேறு ஜன்னலில் புதிதாக நுழைந்து பார்த்த பிறகே பழையதை மூட வேண்டும். அந்த இரண்டாவது ஜன்னல் இல்லாமல் வேலை செய்பவர்கள் ஒருநாள் மண்டபத்துக்குக் காரில் போய்த்தான் ஆக வேண்டும்.

பலரும் சறுக்குவது சரிபார்க்கும் இடத்தில். பேட்ச் போட்ட பிறகும் எஸ்எஸ்எச் தன்னை 9.2பி1 என்றுதான் சொல்லும். டெபியன் குழு, ஓட்டை அடைக்கப்பட்ட ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8க்குத் தாவாமல், தேவையான திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் ஒட்டித் தருகிறது. முன் எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனர் 'ஓட்டை இருக்கிறது' என்று கத்தும். பார்க்க வேண்டியது முழுப் பேக்கேஜ் எண்: டெபியன் 12இல் அது அப்போது டெப்12யூ3 என்று முடிய வேண்டியிருந்தது, உபுண்டு 22.04இல் 8.9பி1-3உபுண்டு0.10. அதோடு நிற்காமல், சேவை எப்போது தொடங்கியது என்று சேவைகளைக் கட்டுப்படுத்தும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையிடம் கேட்டு, அந்த நேரம் பேட்ச் நேரத்துக்குப் பிந்தியதுதானா என்றும் பார்க்க வேண்டும். கோப்பு புதிதாக இருந்து, நினைவகத்தில் ஓடுவது பழைய எஸ்எஸ்எச்டியாக இருந்தால் ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

9.8பி1ஐத் தாங்களே கம்பைல் செய்து ஏற்றுபவர்களுக்கு இரண்டு தொல்லை. இந்தப் பதிப்பில் எஸ்எஸ்எச்டி இரண்டு நிரலாகப் பிரிந்துவிட்டது. உடனே ரீஸ்டார்ட் செய்யாவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் பழைய எஸ்எஸ்எச்டி புது இணைப்பையே ஏற்காமல் போகலாம். பதிவேட்டில் வரும் பெயரும் மாறுவதால் தவறான லாகின் முயற்சிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேனின் பழைய வடிகட்டிகள் எதையும் பிடிக்காமல் சும்மா இருக்கும்.

பேட்ச் வரும் வரை மேலே சொன்ன 120 விநாடிக் கெடுவான லாகின் கிரேஸ் டைமைப் பூஜ்யம் ஆக்கலாம் என்ற வழியும் சொல்லப்பட்டது. அப்படிச் செய்தால் அலாரமே அடிக்காது. ஆனால் நுழையாத இணைப்புகள் மூடாமல் தேங்கும். இயல்பான வரம்பில் 100 சேர்ந்ததும் நாமே உள்ளே போக முடியாது. ஃபயர்வாலில் எஸ்எஸ்எச் போர்ட்டை மூடி, வயர்கார்ட் என்ற விபிஎன் (தனிப் பாதுகாப்பு இணைப்பு) வழியாக மட்டும் விடுவதே எங்கள் கணிப்பில் சரி. குறிப்பிட்ட ஐபிகளை மட்டும் அனுமதிப்பது இங்கே எடுபடாது. மொபைல் நெட்டில் ஒரே ஐபியைப் பல பேர் பகிர்கிறார்கள், அதுவும் மாறிக்கொண்டே இருக்கும்.

ஒரு செர்வரில் திருவிழாப் படங்களை வாங்கும் எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்எச் வழியே கோப்பு அனுப்பும் முறை) கன்டெய்னர், அதாவது தன் நிரல்களைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் பெட்டி, தனியாக ஓடியது. வெளியே எத்தனை பேட்ச் போட்டாலும் கன்டெய்னருக்குள் இருக்கும் எஸ்எஸ்எச்டி மாறாது. கன்டெய்னரின் மூலப் படிமமான இமேஜைப் புதிதாகக் கட்டி மாற்றினோம்.

பிறகு பழைய பதிவேடுகளைத் தேடினோம். 'அடையாளம் காட்டும் முன் நேரம் முடிந்தது' என்ற வரி நூற்றுக்கணக்கில், அடுத்தடுத்து இருந்தால் யாரோ முயன்றிருக்கலாம். இதை அலட்சியம் செய்யக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவில் ஒருவரின் மத நம்பிக்கை சிறப்புத் தனிநபர் தகவல். கோயில் உறுப்பினர் பட்டியல் என்றாலே அதில் அது அடங்கிவிடுகிறது. யாரேனும் அனுமதியின்றி எடுத்ததாக நம்பக் காரணம் இருந்தால், 22ஆம் பிரிவின்படி தகவல் ஒழுங்குமுறை அமைப்புக்கும் உரிய நபர்களுக்கும் அறிவிக்க வேண்டும். எங்கள் பதிவேடுகளில் அப்படிக் கூட்டமாக எதுவும் இல்லை. ஆனாலும் ஜூன், ஜூலை பதிவேடுகளைத் தனி டிஸ்கில் எடுத்து வைத்தோம்.

ஜூலை 8இல் சிவிஇ-2024-6409 வந்தது. இதுவும் அதே சிக்னல் சிக்கல்தான். ஆனால் குறைந்த உரிமையில் ஓடும் துணை நிரலில் வருவதால் விளைவு சிறிது. முக்கியமாக ரெட்ஹாட் லினக்ஸ் 9 வழிப் பதிப்புகளுக்கே பொருந்தும் என்பதால், எங்கள் ஒன்பதில் அந்த வழியில் வந்த ஆல்மாலினக்ஸ் மெஷினை மட்டும் மறுபடி திறந்து, அதே இரண்டு ஜன்னல் முறையில் பேட்ச் போட்டு மூடினோம்.